பழைய ஜெர்மன் ராணுவப் பதக்கங்களும் ரிப்பன் பட்டைகளும்: அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம், மியூனிக்கில் வேலை பார்க்கும் என் மாமா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 40 யூரோ கொடுத்து வாங்கியதாம். "அண்ணே, ஹிட்லர் காலத்து மெடல் போல இருக்கு. யாரோடதுன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

படத்தில் மெடலே இல்லை. ஐந்து ரிப்பன் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்த ஒரு சின்னப் பட்டை. ஒவ்வொன்றும் விரல் அகலம், மொத்தம் ஏழரை சென்டிமீட்டர் தேறும். பின்னால் ஒரு ஊசி. முழுப் பதக்கம் அணியாத நாட்களில், ஒவ்வொரு பதக்கத்துக்கும் பதிலாக அதன் ரிப்பனை மட்டும் இப்படிக் குத்திக்கொள்வார்கள்.

'யாருடையது' என்பதற்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்த நாட்டுப் படை, போர்முனையில் நின்றவரா, எந்த வருடத்துக்குப் பிறகு இதைத் தைத்திருக்க முடியும் என்பதெல்லாம் பொறுமையாக உட்கார்ந்தால் வந்துவிடும். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் கண் முதலில் போவது இரும்புச் சிலுவை மேல். அதுதான் ஆளைப் பற்றி மிகக் குறைவாகப் பேசும் பதக்கம். முதல் உலகப் போரில் அதன் இரண்டாம் வகுப்பை மட்டும் ஏறத்தாழ 50 லட்சம் பேர் வாங்கியிருக்கிறார்கள். ஆளைக் காட்டிக் கொடுப்பது அதன் பக்கத்தில் ஒடுங்கி நிற்கும், பேர் தெரியாத ரிப்பன்தான்.

படி 1: துடைக்காதீர்கள், பிரிக்காதீர்கள்

வீட்டில் வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பழக்கத்தில் பதக்கத்தைத் துலக்கிவிடாதீர்கள். வெள்ளி கறுத்திருப்பதும், இரும்பில் பூசிய கறுப்பு அங்கங்கே உதிர்ந்திருப்பதும் அதன் வயதுக்குச் சாட்சி. துலக்கிய பிறகு விலையும் போச்சு, சாட்சியும் போச்சு.

ரிப்பன் பட்டையின் பின்பக்கத் துணியைப் பிரிக்கவே கூடாது. அந்தத் துணியில்தான் தைத்த கடையின் சீட்டு இருக்கும். கடைப் பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கும். சிலவற்றில் உடைமையாளர் பென்சிலால் பெயர் எழுதியிருப்பார். முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என மூன்று படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். வெயிலில் நேராக வேண்டாம், ஜன்னலோரத்து நிழல் வெளிச்சம் போதும். ரிப்பன் நிறம்தான் நம் எழுத்து. அது படத்தில் மாறிவிட்டால் வாசிப்பே தப்பாகிவிடும்.

வேண்டிய கருவிகள் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்னக் காந்தம், வெர்னியர் காலிபர், கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு. எல்லாம் சேர்த்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குள் முடியும்.

படி 2: 'ஜெர்மனி' என்று ஒன்று இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்

1871 முதல் 1918 வரை இருந்த ஜெர்மன் பேரரசு 25 நாடுகளின் கூட்டு. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் என நான்கு முடியரசுகள். மற்றவை பெரிய, சிறிய பிரபுத்துவ நாடுகள். ஹாம்பர்க், பிரேமன், லூபெக் என மூன்று சுதந்திர நகரங்கள். இதோடு அல்சாஸ்-லொரேன் தனி நிலப்பகுதி. பேரரசர் என்ற முறையில் கைசர் கொடுத்த பதக்கங்கள் கொஞ்சம்தான். இரும்புச் சிலுவைகூடச் சட்டப்படி பிரஷ்ய அரசரின் பரிசு. மற்றபடி ஒவ்வொரு மன்னரும், ஒவ்வொரு பிரபுவும் தன் குடிமக்களுக்குத் தன் பெயரில் தன் நிறத்தில் கொடுத்தார்கள்.

நமக்கு வசதி இதுதான். ஒருவர் மார்பில் இரும்புச் சிலுவைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது ரிப்பன், அவர் எந்த ஊர்க்காரர் அல்லது எந்த ஊர்ப் படையில் இருந்தவர் என்று சொல்லிவிடும். அடிக்கடி கண்ணில் படுகிறவை இவை:

- பவேரியாவின் ராணுவத் தகுதிச் சிலுவை: வெள்ளை, இரு ஓரங்களிலும் கறுப்பும் வான்நீலமும்.
- சாக்சனியின் ஃப்ரெட்ரிக் ஆகஸ்ட் பதக்கம்: மஞ்சள், இரு பக்கமும் வான்நீலக் கோடு.
- பிரவுன்ஷ்வைக்கின் போர்த் தகுதிச் சிலுவை: நீலம், மஞ்சள் கோடுகள்.
- ஓல்டன்பர்க்கின் ஃப்ரெட்ரிக் ஆகஸ்ட் சிலுவை: கருநீலம், சிவப்பு ஓரம்.
- ஹெஸனின் வீரப் பதக்கம்: வான்நீலம், சிவப்பு ஓரம்.
- மெக்லன்பர்க்-ஷ்வெரினின் ராணுவத் தகுதிச் சிலுவை: வான்நீலம், ஓரங்களில் மஞ்சளும் சிவப்பும்.
- ஹான்ஸா நகரங்களின் (மேலே சொன்ன ஹாம்பர்க், பிரேமன், லூபெக்) சிலுவை: வெள்ளையும் சிவப்பும், மூன்று நகரங்களுக்கும் கோடு போட்ட விதம் வேறு வேறு.

ஓல்டன்பர்க்கையும் ஹெஸனையும் பாருங்கள். நூறு வருட வெயிலில் கருநீலம் வெளுத்தால் வான்நீலம் ஆகிவிடாதா? ஆகும். அதனால் முகப்பைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பட்டையைச் சாய்த்து, ரிப்பன் மடிந்து உள்ளே போகும் இடத்தில் லென்ஸை வையுங்கள். வெயில் படாத அந்த மடிப்பில் பழைய நிறம் அப்படியே இருக்கும். பட்டுப்புடவைக் கொசுவத்தின் உள்மடிப்பை விரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

படி 3: இடமிருந்து வலமாக வாசியுங்கள்

எதிரே நின்று பார்க்கிற நமக்கு இடப்பக்கம் இருப்பது உயர்ந்தது. அங்கிருந்து வலப்பக்கம் போகப் போக மதிப்பு இறங்கும். போரில் பெற்றவை முன்னால், நீண்ட சேவைக்கான பதக்கங்கள் பின்னால், வெளிநாட்டார் கொடுத்தவை கடைசியில். இது பொதுவான வரிசை.

இன்னொரு விஷயம்: பட்டையில் வராதவையும் உண்டு. இரும்புச் சிலுவை முதல் வகுப்பு நேராகச் சட்டையில் குத்துவது, ரிப்பன் கிடையாது. காயம்பட்டோர் சின்னமும் அப்படியே. 1918 மார்ச் 3-ல் தொடங்கிய அந்தச் சின்னம் ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் தங்க நிறம். ஆக, பட்டையில் இல்லை என்பதற்காக அவர் காயமே படாதவர் என்று எழுதிவிடாதீர்கள்.

எந்தப் பதக்கத்துக்கு எந்த ரிப்பன் என்பதில் ஆரம்பக்காரர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

முதலாவது, 1914 இரும்புச் சிலுவையின் ரிப்பன். கறுப்பு ரிப்பனில் வெள்ளைக் கோடுகள் என்றால் போர்முனை வீரர். அதையே திருப்பிப் போட்டு வெள்ளையில் கறுப்புக் கோடுகள் என்றால் போரிடாத பணியில் இருந்தவர். உலோகம் இருவருக்கும் ஒன்றே. அதனால்தான் தனியாகக் கிடைக்கும் சிலுவையில் யாரோ பின்னால் மாட்டிய ரிப்பனை நான் நம்புவதில்லை.

இரண்டாவது, 1939-ல் வந்த இரண்டு ரிப்பன்கள். இரும்புச் சிலுவைக்கு நடுவில் அகலச் சிவப்பு, அதன் இருபுறமும் வெள்ளை, ஓரத்தில் கறுப்பு. போர்த் தகுதிச் சிலுவைக்கு நடுவில் கறுப்பு, இருபுறமும் வெள்ளை, ஓரத்தில் சிவப்பு. நிறங்கள் அதேதான், உள்ளும் வெளியும் மட்டும் இடம் மாறியிருக்கும். விற்கிறவர்களே இதை மாற்றிச் சொல்வதுண்டு.

மூன்றாவது, வெளிநாட்டு நினைவுப் பதக்கங்கள். ஹங்கேரி 1929-லும், ஆஸ்திரியா 1932-லும், பல்கேரியா 1933-லும் முதல் உலகப் போருக்கான நினைவுப் பதக்கங்களை வெளியிட்டன. தங்களோடு அணி சேர்ந்து நின்ற ஜெர்மானியர்களும் விண்ணப்பித்து, பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பல்கேரிய ரிப்பனைப் பார்த்ததும் "பால்கன் மலைகளில் போரிட்டவர்" என்று கதை எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் பிரான்ஸ் எல்லையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் இருந்திருக்கலாம். இதற்கு நேர்மாறு, 1915-ல் உதுமானியர்கள் கொடுக்கத் தொடங்கிய போர்ப் பதக்கம், அதாவது ஜெர்மானியர்கள் 'இரும்புப் பிறை' என்றழைத்த சிவப்பு நட்சத்திரம். அதன் சிவப்பு-வெள்ளை ரிப்பன் இருந்தால், துருக்கியரோடு சேர்ந்து பணியாற்றியவரா என்று தேடிப் பார்ப்பதில் அர்த்தமிருக்கிறது.

படி 4: பட்டைக்கு வயது போடுங்கள்

எனக்குப் பிடித்த வேலை இதுதான். ஒவ்வொரு ரிப்பனுக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு. பட்டையில் இருப்பவற்றில் மிகக் கடைசியாகப் பிறந்தது எதுவோ, அந்த நாளுக்கு முன்னால் அந்தப் பட்டையைத் தைத்திருக்க முடியாது. மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய நாட்கள்:

வெறும் மஞ்சள் ரிப்பன் இருந்தால், அது 1897 மார்ச் 22-ல் முதலாம் வில்ஹெல்மின் நூறாவது பிறந்தநாளுக்குக் கொடுத்த பதக்கமாக இருக்கலாம். பிடிபட்ட பீரங்கிகளின் வெண்கலத்தை உருக்கி வார்த்தது. ஆள் பெரும்பாலும் அப்போதே படையில் இருந்தவர். 1934 ஜூலை 13-ல் பிறந்தது முதல் உலகப் போர் கௌரவச் சிலுவை. சேகரிப்பாளர்கள் வாயில் 'ஹிண்டன்பர்க் சிலுவை'. 1936 மார்ச் 16-ல் வேர்மாக்ட் (ஹிட்லர் காலத்து ஜெர்மன் ராணுவம்) நீண்ட சேவைப் பதக்கங்கள், நீல ரிப்பன். ஆஸ்திரியாவை இணைத்ததற்கான பதக்கம் 1938 மே 1. போர்த் தகுதிச் சிலுவை 1939 அக்டோபர் 18. கிழக்குமுனைக் குளிர்காலப் பதக்கம் 1942 மே 26. சிவப்பு ரிப்பனின் நடுவில் மெல்லிய வெள்ளை-கறுப்பு-வெள்ளை. ரஷ்யக் குளிரில் விறைத்த சிப்பாய்களே இதற்கு 'உறைந்த இறைச்சி விருது' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஹிண்டன்பர்க் சிலுவையைப் பற்றி இரண்டு வார்த்தை. முதல் உலகப் போரில் பங்கேற்ற எவரும் விண்ணப்பித்து வாங்கலாம். 80 லட்சம் வரை கொடுத்தார்கள். வாளோடு இருந்தால் போர்முனையில் நின்றவர். வாள் இல்லாவிட்டால் போர்க்காலப் பணியாளர். கறுப்புச் சாயம் பூசியது என்றால் அது சிப்பாயுடையதே அல்ல: மாண்டவரின் மனைவிக்கோ பெற்றோருக்கோ கொடுத்தது. கறுப்புச் சிலுவையை "அபூர்வ வகை" என்று சிரித்துக்கொண்டே விற்பவரைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். அது ஒரு தாயின் பதக்கம்.

படி 5: ரிப்பன் மேல் குத்திய பொடிச் சின்னங்கள்

குறுக்கு வாள் இருந்தால் போர்க்களத்துக்காகக் கொடுத்தது. நீல ரிப்பனில் கழுகு இருந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். நான்கு வருடத்துக்கும் பதினெட்டு வருடத்துக்கும் வெள்ளி நிறம். பன்னிரண்டுக்கும் இருபத்தைந்துக்கும் தங்க நிறம். கழுகு நிமிர்ந்து சிறகு விரித்திருந்தால் தரைப்படை அல்லது கடற்படை. பறக்கும் பாவனையில் இருந்தால் விமானப்படை.

சின்னங்கள் விழுந்து போவதும் சகஜம். விழுந்த இடத்தில் துணியில் இரண்டு சிறு துளையோ, மங்காத நிழலோ தெரியும். எதுவும் இல்லாத வழுவழு ரிப்பனில் புதிதாகக் குத்திய வாள் இருந்தால், அதைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது தம்பியின் பட்டைக்கு வருவோம். இடமிருந்து: கறுப்பு-வெள்ளை; வெள்ளை-கறுப்பு-வான்நீலம், மேலே வாள்; நடுவில் சிவப்போடு கறுப்பும் வெள்ளையும், மேலே வாள்; நீலம், மேலே தங்கக் கழுகு; நீலம், மேலே வெள்ளிக் கழுகு.

அதாவது 1914 இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பு, போர்முனை ரிப்பன். பவேரிய ராணுவத் தகுதி விருது. போர்முனை வீரருக்கான ஹிண்டன்பர்க் சிலுவை. வேர்மாக்ட்டின் 12 ஆண்டு, 4 ஆண்டுப் பதக்கங்கள். நிமிர்ந்த கழுகு, ஆக விமானப்படை இல்லை. தைத்தது 1936 மார்ச்சுக்குப் பிறகு.

இதில் எனக்கு உறைத்தது அந்தப் பன்னிரண்டு. முதல் உலகப் போரில் சேர்ந்த ஒருவர் இடைவிடாமல் படையில் இருந்திருந்தால் 1936-ல் 18 ஆண்டைத் தாண்டியிருப்பார். இவர் தாண்டவில்லை. வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் தரைப்படையை ஒரு லட்சம் பேருக்குச் சுருக்கியபோது வெளியே வந்த லட்சக்கணக்கானோரில் ஒருவராக இருந்து, பின்னால் திரும்பச் சேர்ந்திருக்கலாம். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "ஹிட்லர் காலத்து மெடல்" என்று வந்த பொருளில் ஐந்தில் மூன்று, 1914-18 போருக்கு உரியவை. தம்பிக்கு இதைச் சொன்னதும், "அப்ப ரெண்டு போரும் பாத்தவராண்ணே?" என்றான். இரண்டாவதைப் பார்த்ததற்குப் பட்டையில் சாட்சியில்லை. 1939-லோ அதற்குப் பிறகோ பிறந்த ரிப்பன் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒருவரே நான்கு சட்டைக்கு நான்கு பட்டை தைத்து வைத்திருப்பார். இது பழைய பட்டையாகவும் இருக்கலாம்.

பவேரிய ரிப்பனிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அதிகாரிகளுக்கான ராணுவத் தகுதி 'ஆர்டர்' என்ற உயர்விருதுக்கும், மற்ற வீரர்களுக்கான சிலுவைக்கும் இதே நிறங்கள்தான். ரிப்பனை மட்டும் வைத்து அதிகாரி என்றோ சிப்பாய் என்றோ சொல்ல முடியாது.

படி 6: பதக்கமே கையில் இருந்தால்

இரும்புச் சிலுவையை எடுத்துக்கொள்வோம். பிரஷ்ய அரசர் மூன்றாம் ஃப்ரெட்ரிக் வில்ஹெல்ம் நெப்போலியனுக்கு எதிரான போருக்காக 1813 மார்ச் 10 என்று தேதியிட்டுத் தொடங்கியது. மறைந்த அரசி லூயிஸாவின் பிறந்தநாள் அது. பிறகு 1870, 1914, 1939 என மூன்று முறை புதுப்பித்தார்கள். இந்தப் புதுப்பித்த வகைகளில், முன்புறக் கீழ்க்கையில் எந்த ஆண்டு இருக்கிறதோ அதுதான் அதன் காலம். 1914 வகையில் நடுவில் 'டபிள்யூ' எழுத்து, மேலே கிரீடம். பின்புறம் நடுவில் ஓக் இலைகள், கீழே 1813. அந்த 1813-ஐப் பார்த்துவிட்டு "இருநூறு வருடப் பொருள்" என்று குதிக்காதீர்கள், பிற்காலத்து வகைகளிலும் அந்த ஆண்டு இருக்கும். 1939 வகையில் நடுவில் ஸ்வஸ்திகா. 1957-ல் மேற்கு ஜெர்மனி கொண்டுவந்த சட்டம் ஸ்வஸ்திகாவை நீக்கிய வடிவங்களை மட்டும் அணியவிட்டது. அவற்றில் நடுவில் ஓக் இலைகள் வரும். பலர் அதைப் போலி என்று தூக்கிப் போடுகிறார்கள். அது போலியல்ல, போருக்குப் பின் வந்த சட்டபூர்வ வடிவம்.

நமக்கும் இந்தச் சிலுவைக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கு இதன் முதல் வகுப்பு கிடைத்தது. எம்டன் நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே முடிந்துபோனது. அதன் பெயரில் அடுத்து வந்த கப்பல் முகப்பில் இரும்புச் சிலுவையைத் தாங்கி ஓடியது. உயிர்தப்பிய மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்றார்கள். நாமோ, "அவன் சரியான எம்டன்" என்று சொல்லாகவே வைத்துக்கொண்டோம்.

அசல் சிலுவை மூன்று துண்டு. கறுப்பு பூசிய இரும்பு நடுத்தகடு, அதை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள். விளிம்பை லென்ஸில் பார்த்தால் சட்டங்கள் சேரும் பற்றவைப்புக் கோடு மெல்லிசாக ஓடும். ஒரே வார்ப்பில் ஊற்றிய போலியில் அந்தக் கோடு இருக்காது, அல்லது பொய்யாகக் கீறியிருப்பார்கள். சட்டத்தின் உள்விளிம்பில் ஓடும் மணிவரிசையைப் பாருங்கள். அசலில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நிற்கும். வார்ப்பில் அவை ஒன்றோடொன்று குழைந்து, இடையில் ஊசிமுனை அளவு காற்றுக்குழிகள் தெரியும். காந்தம் ஒட்டினால் நல்லது; ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். போலி செய்கிறவனுக்கும் இரும்பு கிடைக்கும். அசலிலும் காந்தம் ஒட்டாத சில உண்டு.

ரிப்பன் கோர்க்கும் வளையத்தில் தயாரித்தவரின் முத்திரை இருக்கலாம். 1914 வகையில் எழுத்துகள்: 'எஸ்-டபிள்யூ' என்றால் பெர்லினின் சி அண்ட் வாக்னர், 'சிடி 800' என்றால் ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரின் கார்ல் டில்லேனியஸ், 800 என்பது வெள்ளியின் தரம். 1939 வகையில் வெறும் எண்கள். குத்தும் வகைப் பதக்கங்களில் 'எல்' எழுத்தும் சாய்கோடும் எண்ணும் வரலாம். முத்திரை இல்லாத அசல்களும் ஏராளம்.

படி 7: போலிப் பட்டையைப் பிடிப்பது

இது நான் பட்ட அனுபவம். பல வருடங்களுக்கு முன் இணையம் வழியாக ஒரு விற்பனையாளரிடம் எட்டு ரிப்பன் பட்டை ஒன்று வாங்கினேன். கொடுத்த விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வந்த அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கை அடித்தேன். வெள்ளைக் கோடுகள் எல்லாம் சலவைத்தூள் விளம்பரத்துச் சட்டை மாதிரி பளீரென்று நீலமாய் ஒளிர்ந்தன. தைத்த நூலும் ஒளிர்ந்தது. துணியில் வெண்மை கூட்டும் ரசாயனங்கள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு.

ஒளிர்ந்தாலே போலி என்றும் இல்லை. யாரோ ஒரு பாட்டி அதைச் சோப்புத்தூளில் அலசியிருந்தாலும் ஒளிரும். அதனால் அடுத்த சோதனை நூல். பின்னால் தானாகவே பிரிந்து தொங்கும் நூலிழை இருந்தால் மட்டும், ஒரு மில்லிமீட்டர் எடுத்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பட்டு, முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாய்ச் சுருண்டுகொள்ளும். என்னுடையது சுருண்டுகொண்டது.

விளக்கும் தீயும் இல்லாமலே பிடிக்கக்கூடிய பொய்களும் உண்டு. பொருந்தாத சேர்க்கை அதில் முதல். அசல் ரிப்பன்களை வைத்தே புதிதாகக் கட்டிய பட்டைகள் சந்தையில் நிறைய. ஒரு ரிப்பன் மட்டும் வெளுத்து, பக்கத்தில் இருப்பது பளிச்சென்று இருந்தால் அவை ஒன்றாக வாழவில்லை. பின்னணித் துணியில் ஊசி துருவேறியிருக்கிறது, ஆனால் துருக்கறை துணியில் படியவில்லை என்றால், அந்த ஊசி அங்கே பழசாகவில்லை.

படி 8: உலோகத்தை விட்டுக் காகிதத்துக்கு வாருங்கள்

பதக்கத்தில் பெயர் பொறிக்கும் பழக்கம் ஆங்கிலேயருக்கு இருந்தது; ஜெர்மானியருக்குப் பொதுவாக இல்லை. பெயர் இருப்பது காகிதத்தில். சந்தையில் ஒரு பெட்டியைக் கிளறும்போது பதக்கத்தை எடுத்துக்கொண்டு காகிதத்தை விட்டுவிட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹிண்டன்பர்க் சிலுவையோடு ஒரு சான்றிதழ் வரும். பெயர், ஊர், தேதி, கொடுத்த அலுவலக முத்திரை எல்லாம் இருக்கும். கைசர் காலத்துச் சிப்பாய்க்கு 'மிலிட்டேர்பாஸ்' என்ற சிறு புத்தகம். சேர்ந்த நாள், இருந்த பிரிவுகள், போரிட்ட இடங்கள், பெற்ற விருதுகள் என்று வாழ்க்கையே அதில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 'வேர்பாஸ்', சிப்பாய் சட்டைப்பையிலேயே வைத்திருந்த 'சோல்ட்புக்'.

திறந்ததும் மலைப்பாக இருக்கும், எழுத்து புரியாது. கூரெண்ட் என்ற பழைய கையெழுத்து முறை அது. அதில் 'இ'யும் 'என்'னும் இரட்டைப் பிள்ளைகள். 'யு'வுக்குத் தலையில் ஒரு சின்ன வளைவு போடுவார்கள், 'என்'னிலிருந்து பிரித்துக் காட்ட. முதலில் ஊர்ப் பெயரைப் பிடியுங்கள். வரைபடத்தில் இருக்கும் ஊர் ஒன்றை வாசித்துவிட்டால் அந்த எழுத்தரின் பாதி எழுத்துகள் கைவந்துவிடும்.

படைப்பிரிவு எண்ணைக் கவனித்து வாசியுங்கள். பவேரியா தன் படைகளுக்குத் தனியாக 1 முதல் எண் போட்டது. சாக்சனியும் வூர்ட்டம்பெர்க்கும் பிரஷ்ய வரிசைக்குள்ளேயே இடம் வாங்கிக்கொண்டன: காலாட்படையில் 100 முதல் 108 வரையும் இன்னும் சில எண்களும் சாக்சனி, 119 முதல் 127 வரையும் 180-ம் வூர்ட்டம்பெர்க். ஆக, '16-வது ரிசர்வ் காலாட்படை' என்று மட்டும் இருந்தால் அது பிரஷ்யாவா பவேரியாவா என்று தெரியாமல் ஒரு அடி நகரக் கூடாது. இரண்டிலும் 16 இருந்தது.

படி 9: காப்பகங்கள்

1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மீது குண்டு விழுந்தபோது பிரஷ்யப் படையின் ஆவணங்களில் மிகப் பெரும்பகுதி எரிந்துபோனது. முதல் உலகப் போரின் பிரஷ்யச் சிப்பாயைத் தேடுகிறவருக்கு இதுதான் சுவர். இங்கேயும் சின்ன ரிப்பன்தான் கைகொடுக்கிறது. பவேரியர் என்றால் மியூனிக்கின் போர்க் காப்பகத்தில் சிப்பாய்களின் பெயர்ப் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. வூர்ட்டம்பெர்க் என்றால் ஸ்டுட்கார்ட், பாடன் என்றால் கார்ல்ஸ்ரூ, சாக்சனி என்றால் டிரெஸ்டன்.

பெயர் கிடைத்த பிரஷ்யருக்கு மிச்சமிருக்கும் நல்ல வழி, முதல் உலகப் போர்க்கால இழப்புப் பட்டியல்கள். இறந்தவர் மட்டுமல்ல, காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லோரும் அதில் உண்டு. ஜெர்மன் கணினி மரபியல் சங்கம் அதை இணையத்தில் பெயர் போட்டுத் தேடும்படி வைத்திருக்கிறது, கட்டணம் இல்லை. அதிகாரிகள் என்றால் 'ராங்லிஸ்டே' என்ற தரவரிசைப் புத்தகங்கள். பெயருக்குப் பக்கத்தில் பெற்ற விருதுகளைச் சுருக்கெழுத்தில் போட்டிருப்பார்கள். பெயரில்லாத பட்டை ஒன்றுக்கு ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்றால் இங்கேதான்: பட்டையில் சின்னஞ்சிறு நாடுகளின் விருது இரண்டு மூன்று சேர்ந்திருந்து, அதே சேர்க்கை உள்ள அதிகாரி ஒருவர் மட்டுமே என்றால்.

இரண்டாம் உலகப் போருக்குப் பெர்லினில் முன்பு 'வாஸ்ட்' என்று அழைத்த தகவல் நிலையம். 2019 முதல் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் ஒரு பிரிவு. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றும் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். ராணுவ ஆவணங்கள் ஃப்ரைபர்க் கிளையில்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைப் பொது இடத்தில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி குற்றம். ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. சந்தைகளில் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்பது இதனால்தான். அங்கே இருக்கிறவர்கள் பெருமையாக ஃபேஸ்புக்கில் படம் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

படி 10: அட்டை எழுதுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை. எங்கே, எப்போது, என்ன விலைக்கு, யாரிடம் இருந்த பெட்டியில் கிடைத்தது. கூட என்னென்ன இருந்தன. கண்ணால் கண்டது ஒரு பத்தி, ஊகித்தது வேறு பத்தி. இரண்டையும் கலக்காதீர்கள், பத்து வருடம் கழித்து உங்கள் ஊகத்தையே உண்மை என்று நம்பிவிடுவீர்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்கு உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத காகிதம், அட்டைப்பெட்டி, ஒரு சிலிக்கா பொட்டலம்.

தம்பியிடம் அடுத்த ஞாயிறு அதே கடைக்குப் போய், அந்தப் பெட்டியில் வேறு காகிதம் இருந்ததா என்று கேட்கச் சொன்னேன். போனான். கடைக்காரர், புகைப்படமும் புத்தகமும் இருந்தது, அதை வேறொருவர் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னாராம். அவன் அட்டையில் 'பெயர்' என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறான்.